வில்லையும் வாளுறையும்

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் வாள். ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்தது. அதற்கென்று ஓர் உறை, உறையோடு ஒட்டிய சிறு வட்டக் கேடயம். சிலவற்றில் வாளை உறையிலிருந்து உருவி எடுக்கலாம், திரும்பச் செருகலாம். பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் கேன்டர்பரிப் பேராலயத்துக்கு யாத்திரை போனவர்கள் திரும்பும்போது இப்படியொரு வில்லையை வாங்கித் தொப்பியிலோ மேலங்கியிலோ குத்திக்கொண்டு ஊர் வந்தார்கள். பார்த்தால் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் போலிருக்கும். ஆனால் அது குறிப்பது ஒரு கொலையில் பயன்பட்ட வாளை.

1170 டிசம்பர் 29 அன்று மாலை, இரண்டாம் ஹென்றி மன்னனின் வீரர்கள் நால்வர் பேராலயத்துக்குள் புகுந்து பேராயர் தாமஸ் பெக்கெட்டை வெட்டினார்கள். ரிச்சர்ட் லெ பிரெட்டன் என்பவனின் வீச்சு பேராயரின் உச்சந்தலையைச் சீவிக்கொண்டு போய்க் கல் தரையில் மோதியது. வாளின் முனை முறிந்து விழுந்தது. 1173இல் பெக்கெட் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் விழுந்த இடத்தில் ஒரு பீடம் எழுந்தது. முறிந்த வாள்முனை அதில் வைக்கப்பட்டு, 'வாள்முனைப் பீடம்' என்றே அதற்குப் பெயர் வந்தது. மூன்றரை நூற்றாண்டு கழித்து அங்கே போன அறிஞர் எராஸ்மஸ், அந்த இரும்பின் துருவை முத்தமிட்டதைத் தம் உரையாடல் ஒன்றில் எழுதியிருக்கிறார். அந்தப் பீடத்தை வணங்கியவர்கள் கொண்டுபோன நினைவுப்பொருள்தான் இந்தச் சிறு வாள்.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொள்வது உறைதான். கொலையைச் சொல்ல வேண்டுமென்றால் உருவிய வாள் போதும். முறிந்த முனை இன்னும் பொருத்தம். வில்லை செய்தவர் அப்படிச் செய்யவில்லை. வாளை உறைக்குள் போட்டுத் தந்தார். வெட்டிய வாள் அடங்கிக் கிடக்கிறது, இனி அது தலை குனிந்த வாள் என்று அந்த உறை சொல்வதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். இடைக்கால வாள்களை இன்று கையால் செய்கிறவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் வாளுறையை அலங்கரிக்க வழி தேடும்போது இந்த யாத்திரை வில்லைகள் பக்கம் திரும்புகிறார்கள். அரண்மனை நகைகளையும் தேவாலயச் சிற்பங்களையும் விட்டுவிட்டு ஏழைகளின் ஈயத்துண்டிடம் போவது விநோதமாகத் தோன்றலாம். எனக்கோ அதைவிடச் சரியான பள்ளிக்கூடம் வாளுறைக்குக் கிடையாது என்றுதான் படுகிறது.

முதல் காரணம் சேறு. வாள் இரும்பு, துருப்பிடித்தாலும் மிஞ்சும். வாளுறை மரமும் தோலும் துணியும். மண்ணுக்குள் போனால் மக்கிவிடும். அதனால் அருங்காட்சியகங்களில் இடைக்கால வாள்கள் எத்தனையோ இருக்க, அவற்றின் உறைகள் அரிதாகவே இருக்கின்றன. காற்றுப் புகாத ஆற்றுச் சேறு மட்டும் இதற்கு விலக்கு. லண்டனில் தேம்ஸ் கரையோர அகழாய்வுகளில் தோலுறைகள் கிடைத்தன. பெரும்பாலானவை கத்தியுறைகள், வாளுறைகள் கொஞ்சம். அதே சேற்றில்தான் யாத்திரை வில்லைகளும் கிடைத்தன. அந்த அகழாய்வுப் பொருள்களைப் பற்றி வெளிவந்த நூல்வரிசையில் 1987இல் வந்த முதல் நூல் கத்திகளையும் உறைகளையும் பற்றியது. 1998இல் வந்த ஏழாவது, பிரையன் ஸ்பென்சர் எழுதியது, யாத்திரை நினைவுப்பொருள்களைப் பற்றியது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் புரட்டினால் ஒரே ஊரின் கைகள் தெரிகின்றன. அதே குறுக்குக் கோட்டு நிரப்பல், அதே புள்ளி வரிசை, அதே சாய்சதுரச் சட்டம். உறைகள் விட்டுப்போன இடத்தை வில்லைகள் நிரப்புகின்றன.

பாரிஸில் சேன் நதியும் இப்படியே தந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாலங்களுக்கு அடியில் தூர்வாரியபோது வந்தவற்றை ஆர்தர் ஃபோர்ஜே சேகரித்து வைத்தார். க்ளூனி அருங்காட்சியகத்தின் தொகுப்புக்கு அதுவே அடித்தளம். நெதர்லாந்தில் கடல் கொண்ட ஸீலாண்ட் ஊர்களின் சகதியிலிருந்தும் ஏராளமாக எடுத்தார்கள்.

செய்முறையைச் சொல்லாமல் இவற்றின் அழகைச் சொல்ல முடியாது. மணிமணியாக உதிராத, மென்மையான சுண்ணாம்புக்கல்லோ பலகைக்கல்லோ எடுத்து, அதில் உருவத்தைத் தலைகீழாக, அதாவது இடம் வலம் மாற்றிக் குழிவாகச் செதுக்குவார்கள். இன்னொரு கல்லை அதன்மேல் சேர்த்துக் கட்டி, உருக்கிய உலோகத்தை வாய் வழியே ஊற்றுவார்கள். பின்புறத்து ஊசியும், தைப்பதற்கான வளையங்களும் அதே வார்ப்பிலேயே வந்துவிடும். ரேடியோ பழுதுபார்ப்பவர் பற்றவைக்கும் ஈயம் இருக்கிறதே, ஏறக்குறைய அந்தக் கலவைதான். ஈயமும் வெள்ளீயமும் சரியான விகிதத்தில் சேர்ந்தால் 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பெரிய உலை வேண்டாம், துருத்தி வேண்டாம். ஒரு கடை, ஓர் அடுப்பு, இரண்டு கற்கள். ஊற்றிய சில நொடிகளில் இறுகிவிடும். கல்லைப் பிரித்து எடுத்து ஓரத்துப் பிசிறை நறுக்கினால் வெள்ளியைப் போல மின்னும் வில்லை தயார்.

இந்த வேகம்தான் சந்தையை உண்டாக்கியது. சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்தில் 1466ஆம் ஆண்டுத் திருவிழாவின் 14 நாட்களில் 1,30,000 வில்லைகள் விற்றதாகக் கணக்கு இருக்கிறது. வருமானம் இருக்குமிடத்தில் உரிமைச் சண்டையும் இருக்கும். ரோமில் பேதுரு, பவுல் உருவம் பொறித்த வில்லைகளைச் செய்யும் உரிமையை 1199இல் மூன்றாம் இன்னொசென்ட் போப் புனித பேதுரு ஆலயக் குருக்களுக்கே கொடுத்துவிட்டார். ஜெர்மனியின் ஆஹன் நகரில் ஏழாண்டுக்கு ஒருமுறை புனிதப் பொருள்களைக் கோபுரத்திலிருந்து காட்டுவார்கள். கூட்டத்தில் கிட்டப் போக முடியாதவர்கள் அந்த அருளொளியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று வில்லையின் நடுவே சிறு கண்ணாடி பதித்து விற்றார்கள். ஸ்ட்ராஸ்புர்க்கில் இருந்த ஒரு பொற்கொல்லர் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு இந்தக் கண்ணாடிகளை மொத்தமாகச் செய்வதில் முதலீடு செய்தார். கொள்ளைநோயால் விழா 1439இலிருந்து அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போய், பணம் முடங்கி, கூட்டாளி ஒருவர் இறந்து, வழக்குவரை போயிற்று. அந்தப் பொற்கொல்லர் யோஹன்னஸ் குட்டன்பெர்க். அச்சில் ஒன்றைப் பலவாக்கும் வித்தையை அவர் எழுத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் அது வில்லைக் கடைகளில் இருந்தது.

இனி கோடு. கல்லில் செதுக்குகிறவருக்குக் கிடைப்பது ஓர் உளி முனையும் மூன்று விரலகல இடமும். சாயல், நிழல், தசைத் திரட்சி எதற்கும் வழியில்லை. ஓர் இழுப்பில் மூக்கும் புருவமும். இரண்டு புள்ளியில் கண்கள். ஆடைக்கு நாலைந்து இணைகோடுகள். பின்புலத்தை வெறுமையாக விட்டால் உருவம் எழாது என்பதால் அதில் நெருக்கமாகக் குறுக்குக் கோடு போட்டு நிரப்பிவிடுவார். சுற்றிலும் புள்ளி வரிசை ஒன்று சட்டமாக நிற்கும். பல வில்லைகளில் பின்புலத்தையே அகற்றிவிட்டு, உருவமும் சட்டமும் மட்டும் கம்பி கம்பியாக நிற்கும்படி வார்த்தார்கள். உலோகம் மிச்சம், எடை குறைவு, அணிந்திருக்கும் துணியின் நிறமே பின்புலமாகிவிடும். சிக்கனம் எப்போது அழகாகிறது என்பதற்கு இவற்றைத்தான் நான் காட்டுவேன்.

பிரான்ஸின் ரோகமடூர் வில்லையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் கூர்ந்த நீள்வட்டம். நடுவே அரியணையில் மரியாள், மடியில் குழந்தை. ஓரத்தைச் சுற்றி இது ரோகமடூர் மரியாளின் முத்திரை என்று இலத்தீன் எழுத்துகள் ஓடுகின்றன. விளிம்புக்கு வெளியே ஆறு சிறு வளையங்கள், தைத்துக்கொள்வதற்காக. தேவாலய அதிகாரிகளின் மெழுகு முத்திரைகளும் இதே வடிவம்தான். ஆகவே இதைத் தொப்பியில் தைத்தவன் ஒரு சான்றிதழையே தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். அரியணையின் கால்கள் நேர்க்கோடுகள், மரியாளின் முழங்கால்கள் இரண்டு வளைவுகள், அவ்வளவுதான். ஆனாலும் கை நீட்டும் தூரத்தில் அவள் அமர்ந்திருக்கும் கனம் தெரிகிறது. அதன் வெளிக்கோட்டை மட்டும் கரித்துண்டால் சுவரில் வரைந்தாலும் வில்லை அடையாளம் தெரிந்துவிடும். நல்ல வில்லைக்கு நான் வைக்கும் முதல் சோதனை அதுதான். ஸ்பெயினின் கொம்போஸ்தேலாவுக்குப் போனவர்களின் கிளிஞ்சல் வில்லை அதில் தேறும். ஜெர்மனியின் வில்ஸ்நாக் தலத்து மூன்று வட்ட அப்பங்கள் தேறும். 1383இல் எரிந்துபோன அவ்வூர்த் தேவாலயத்தின் சாம்பலில் மூன்று அப்பங்கள் இரத்தத் துளியோடு கிடந்தன என்ற நம்பிக்கையில் பிறந்தவை அவை. மூன்றே வட்டங்கள், வேறெதுவும் வேண்டாம்.

கோடு பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1857 வாக்கில் லண்டனில் வில்லியம் ஸ்மித், சார்ல்ஸ் ஈட்டன் என்ற இரு ஆற்றோரத் தொழிலாளிகள் தாங்களே ஈயத்தில் வார்த்த போலி வில்லைகளைப் பழம்பொருள் என்று விற்கத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். எழுத்துகள் அர்த்தமில்லாத கிறுக்கல்கள். பதினோராம் நூற்றாண்டு ஆண்டுகளை இக்கால எண்களில் பொறித்திருந்தார்கள். அறிஞர்கள் சிலர்கூட ஏமாந்தார்கள். எழுத்தும் எண்ணும் இல்லாவிட்டாலும் அவற்றைக் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும் உருவங்கள், எங்கே நிறுத்துவது என்று தெரியாத கை. இடைக்காலக் கல்செதுக்கி ஒருநாளும் அப்படிச் செய்திருக்கமாட்டார்.

இப்போது வாளுறைக்கு வருவோம். இரண்டு மெல்லிய மரப்பலகைகளை வாளின் வடிவத்துக்குக் குடைந்து, ஒன்றோடொன்று ஒட்டுவார்கள். முந்தைய நூற்றாண்டுகளில் உட்புறத்தில் ஆட்டு ரோமம் வைப்பதும் உண்டு. ரோமத்தின் எண்ணெய்ப்பசை இரும்பைத் துருவிலிருந்து காத்தது. மரத்தின் மேல் மெல்லிய துணி சுற்றி, அதன்மேல் ஈரத்தோலை இழுத்துப் போர்த்தி, பின்பக்க நடுவில் தைப்பார்கள். தோல் காய்ந்து இறுகும்போது மரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். நுனியில் ஓர் உலோகப் பூண். வாய்ப்பக்கத்தில், தோலில் கீறிய வெட்டுகள் வழியே இடுப்புவாரைக் கோத்து முடிச்சிடுவார்கள். பிற்காலத்தில் அங்கும் உலோகப் பூண்கள் வந்தன.

அலங்கரிக்கிறவரின் சங்கடம் அதன் வடிவில் இருக்கிறது. ஏறக்குறைய எண்பது சென்டிமீட்டர் நீளம். வாய்ப்பக்கத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர் அகலம். கீழே போகப் போக ஒடுங்கும். கதை சொல்ல ஏற்ற இடமல்ல அது. ஒரு முழுக் காட்சியை அதில் அடைக்க முயன்றால் மனிதர்கள் கம்புகளாகிவிடுவார்கள். கொடிப்பின்னலை மேலிருந்து கீழ்வரை ஓட்டினால் எளிதில் நிரம்பும், ஆனால் கண் எங்கும் நிற்காது. இங்கேதான் வில்லை கைகொடுக்கிறது. மூன்று முதல் ஆறு சென்டிமீட்டர் அகலத்துக்குள் நிற்கவென்றே பிறந்த உருவங்கள் அவை. பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டியதில்லை. சுவரோவியத்தையோ கண்ணாடிச் சாளரத்தையோ பார்த்து வரைகிறவர் அவற்றைச் சுருக்க வேண்டும், சுருக்கும்போது எதை விடுவது என்று தவிக்க வேண்டும். அந்தத் தவிப்பை வில்லைக் கல்செதுக்கி அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பட்டு முடித்துவிட்டார்.

உருவம் எந்தப் பக்கம் தலை வைத்து நிற்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. வியன்னாவில் உள்ள புனித ரோமானியப் பேரரசு வாளின் உறை பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பக்கத்துக்கு ஏழாக 14 தங்கத் தகடுகள், ஒவ்வொன்றிலும் சார்லமேனிலிருந்து தொடங்கும் ஆட்சியாளர்களில் ஒருவர். அவர்கள் நேராக நிற்பது வாளின் முனையை மேல்நோக்கிப் பிடிக்கும்போதுதான். முடிசூட்டு விழாவில் பேரரசருக்கு முன்னால் ஒருவர் அதை அப்படித்தான் ஏந்திப் போவார். பார்க்க வேண்டியவர்கள் அந்த நிலையில்தான் பார்ப்பார்கள் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். இடுப்பில் தொங்கும் வாளுக்கு இது பொருந்தாது. அங்கே உருவங்கள் கைப்பிடிப் பக்கம் தலை வைத்து நிற்க வேண்டும். யார் பார்ப்பதற்கு என்ற கேள்வியை முதலில் கேட்காத அலங்காரம் எத்தனை நுட்பமாயிருந்தாலும் எனக்கு ஒட்டுவதில்லை.

எதிர்முனையில் கறுப்பு இளவரசன் எட்வர்டின் வாளுறை இருக்கிறது. 1376இல் இறந்த அவனைக் கேன்டர்பரியில், பெக்கெட்டின் கல்லறைப் பேழைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். தலைக்கவசம், கேடயம், கையுறைகள் ஆகியவற்றோடு வாளுறையும் கல்லறைக்கு மேலே தொங்கியது. வாள் இன்றில்லை, உறை இருக்கிறது. செந்தோலும் பொன்முலாம் பூசிய குமிழாணிகளும்தான் அதன் அலங்காரம், உருவம் ஏதும் இல்லை. சில கஜ தூரத்தில் மணியும் பொன்னும் இழைத்த பேழை, வெளியே கடைகளில் ஈய வாள்கள், நடுவில் இந்த அடக்கமான உறை. அந்தப் பேழையை 1538இல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் உடைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். அலங்காரம் கூடுதலாகிவிட்டதோ என்று சந்தேகம் வரும்போதெல்லாம் அந்தச் செந்தோலும் ஆணிகளும் என் நினைவுக்கு வரும்.

ஒரு பொருளுக்கென்று பிறந்த உருவத்தை இன்னொரு பொருளுக்கு மாற்றுவது முறையா என்று கேட்பவர்கள் உண்டு. இடைக்காலத்தவர்களே தயங்காமல் மாற்றினார்கள். ஜெர்மனியிலும் ஸ்காண்டினேவியாவிலும் மணி வார்ப்பவர்கள், வார்ப்பு அச்சில் யாத்திரை வில்லைகளைப் பதித்து, அந்த உருவம் தேவாலய மணியின் மேல் எழும்படி செய்தார்கள். குர்ட் கோஸ்டர் என்ற ஆய்வாளர் இந்த மணிகளைத் தேடித் தேடிப் பார்த்தார். ஈயத்தில் ஒன்றுகூட மிஞ்சாத சில வில்லைகளை மணியின் தோளில் உள்ள பதிவிலிருந்துதான் இன்று அறிகிறோம். ஃபிளாண்டர்ஸில் பக்தர்கள் தங்கள் செபப்புத்தகத் தாள்களில் வில்லைகளைத் தைத்துவைத்தார்கள். பிறகு ஓவியர்கள், தைத்தது போலவே நிழலோடு ஓரங்களில் வரைந்தார்கள். நசாவின் எங்கல்பெர்ட் பிரபுவுக்காகச் செய்த செபப்புத்தகத்தில் அப்படியொரு பக்கம் இருக்கிறது. நிஜ வில்லைகள் என்று எண்ணிக் கை தொடப் போகும். ஈயத்திலிருந்து வெண்கலத்துக்கு, தாளுக்கு, வண்ணத்துக்கு. தோலுக்கு வருவது அந்த வழியில் இன்னும் ஓர் அடி.

வாளும் யாத்திரையும் எதிரெதிர் என்று நினைப்பதும் சரியல்ல. சிலுவைப் போருக்குப் போனவன் சட்டப்படி யாத்ரீகன். பிரான்ஸ் மன்னன் ஒன்பதாம் லூயி 1248இல் அப்படிப் புறப்பட்டபோது புனித தெனி மடத்தில் போர்க்கொடியோடு யாத்ரீகனின் பையையும் கோலையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொண்டான். மறுபக்கம், வாளால் செய்த குற்றத்துக்கு யாத்திரையே தண்டனையாகவும் இருந்தது. ஃபிளாண்டர்ஸ் நகர நீதிமன்றங்கள் வெட்டுக்குத்தில் ஈடுபட்டவர்களை ரோகமடூர் போன்ற தொலைதூரத் தலங்களுக்கு நடந்து போய்வரும்படி தீர்ப்பளித்தன. போய்வந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பெக்கெட்டைக் கொன்றவர்களையும் போப் பரிகாரமாகப் புனித நாட்டுக்கே அனுப்பினார். 1174 ஜூலையில் இரண்டாம் ஹென்றி வெறுங்காலோடு கேன்டர்பரிக்கு நடந்துவந்து, கல்லறை முன் முதுகைக் காட்டித் துறவிகளிடம் அடி வாங்கிக்கொண்டான்.

ரோகமடூரின் பாறையிலேயே ஒரு வாள் செருகியிருந்தது. வீரகாவிய நாயகன் ரோலாந்தின் வாளான துராந்தால் என்று ஊர் அதை நம்பியது. இரண்டாம் ஹென்றியின் மகன், பெக்கெட்டின் வீட்டில் வளர்ந்த இளைய ஹென்றி, 1183இல் படைக்குச் சம்பளம் கொடுக்க அந்தத் தலத்தையே கொள்ளையடித்தான். சில நாட்களில் காய்ச்சலில் செத்தான். பாறையில் இருந்த வாள் 2024இல் காணாமல் போய்விட்டது. இத்தனையும் தெரிந்த ஒருவர் தம் வாளுறையின் வாய்ப்பக்கத்தில் ரோகமடூர் மரியாளை வைத்தால், வாளை உருவும் ஒவ்வொரு முறையும் கை அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த இடத்துக்கு அவளைவிடப் பொருத்தமானவர் எனக்குத் தெரியவில்லை. கூர்ந்த நீள்வட்டம் வாளின் போக்கோடு போகும் என்பது கூடுதல் நன்மை.

கிளிஞ்சலின் இடம் நுனிப் பக்கம். விரிந்த விளிம்பு மேலே, வரிகள் கூடும் இடம் கீழே என்று வைத்தால், ஒடுங்கிக்கொண்டே வரும் உறையும் கிளிஞ்சலும் ஒன்றாக முடியும். வில்ஸ்நாக்கின் மூன்று வட்டங்களை நடுவில் வைக்கலாம். வட்டத்துக்குத் தலைகீழ் கிடையாது. ஒரே உறையில் மூன்றுக்கு மேல் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். பத்துத் தலங்களின் வில்லைகளை மேலிருந்து கீழ்வரை அடுக்கிய உறைகளும் செய்கிறார்கள். ஒவ்வொன்றும் துல்லியமாக இருக்கும். மொத்தத்தில் பார்த்தால் வில்லை வியாபாரியின் பலகை. எல்லாத் தலத்துக்கும் போனவன் என்று காட்டிக்கொண்ட யாத்ரீகர்களை அந்தக் காலத்துக் கவிஞர்களே நம்பவில்லை. இடையில் விடும் வெற்றுத் தோலுக்குப் பயப்படக் கூடாது. வேண்டுமானால் உறை நெடுக இரண்டு கோடும் ஒரு புள்ளி வரிசையும் ஓடட்டும்.

வில்லையையே வார்த்து உறைமேல் ஆணியடிப்பதும் எனக்கு ஒப்பவில்லை. மெல்லிய வார்ப்பு, நடக்கும்போது தொடையிலும் கதவிலும் இடித்து இரண்டே நாளில் வளைந்துபோகும். தொப்பிக்கு ஏற்றது தொடைக்கு ஏற்காது. தோலிலேயே எழ வேண்டும். அங்கே ஒரு தொழில் நுட்பம் குறுக்கிடுகிறது. கல்லில் குழித்த கோடு ஈயத்தில் மேடாகிறது. ஆகவே வில்லையின் கோடு வரம்பு. தோலில் மழுங்கிய முனையால் இழுக்கும் கோடோ பள்ளம். வில்லையைப் பார்த்து அப்படியே தோலில் கீறினால் அதன் மேடெல்லாம் பள்ளமாகி, உருவம் சோகை பிடித்தது போல் ஆகிவிடும். பலருடைய வேலையில் நான் காணும் குறை இதுதான். வரம்பு வேண்டுமென்றால் கோட்டை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள இடத்தை அழுத்தித் தாழ்த்த வேண்டும். இல்லையென்றால் மரத்தின் மேல் நூல்கயிற்றை ஒட்டி, அதன்மேல் ஈரத்தோலைப் போர்த்தி இருபுறமும் அழுத்த வேண்டும். நெடுங்கோடுகளுக்கும் சட்டங்களுக்கும் கயிறு நன்றாக வரும். மரியாளின் முகத்துக்கு வராது.

முகத்துக்கு இன்னொரு வழி உண்டு. பலகைக்கல்லில் அந்தக் காலத்தவர் செய்தது போலவே உருவத்தை இடம் வலம் மாற்றிக் குழித்துவிடுங்கள். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மெல்லிய கன்றுத்தோலை நனைத்து, ஈரம் மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்கியதும் அந்தக் கல்லின் மேல் வைத்து, பின்புறமிருந்து எலும்புக் கரண்டியால் தேய்த்து அழுத்துங்கள். குழிகளுக்குள் தோல் இறங்கி, எடுக்கும்போது வில்லை எழுந்தது போலவே உருவம் எழும். எழுத்துகளும் நேராக இருக்கும். அதே கல்லில் ஈயம் கலக்காத வெள்ளீயத்தை ஊற்றி ஒரு வில்லையும் வார்த்துக்கொள்ளலாம். அந்த வில்லையைத் தோலின் மேல் அழுத்தினால் வருவது பள்ளக் கோடு, அதுவும் இடம் வலம் மாறி. எழுத்துள்ள வில்லைகளுக்கு அது ஆகாது. கிளிஞ்சலுக்கு ஆகும், உண்மையில் கிளிஞ்சலின் வரிகள் பள்ளமாக வரும்போது தோலில் இன்னும் நன்றாக இருக்கின்றன. உறையின் முகம் சற்றே புடைத்திருப்பதால் மரத்தில் போர்த்திய பிறகு தட்டையான கல் முழுதும் படியாது. எனவே தோல் தட்டையாக இருக்கும்போதே அழுத்தி, நிழலில் காயவிட்டு, போர்த்தும்போது தையல் வரும் ஓரங்களை மட்டும் நனைத்து இழுக்க வேண்டும். நடுவில் ஈரம் போனால் மேடுகள் தணிந்துவிடும்.